கோர் விலகிய புல்லி: துளையை லேத்தில் நடுவுக்குக் கொண்டுவருவது

கேள்வி இதுதான். பத்து அங்குல வி-பெல்ட் புல்லி, கிரே காஸ்ட் அயர்ன், மொத்தம் ஐந்து காஸ்டிங். ஹப் (தண்டு நுழையும் நடுக்குமிழ்) வெளிவிட்டம் 70 மி.மீ., நீளம் 60. நடுவில் 24 மி.மீ. கோர் துளை (வார்க்கும்போது கோர் என்ற மணல் கட்டை விட்டுவைக்கும் துளை), முடிவில் வேண்டியது 32 மி.மீ. ஆனால் துளை ஹப்பின் நடுவிலிருந்து 3 மி.மீ. ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. ஒன்றில் டெயில்ஸ்டாக்கில் டிரில் வைத்து 26, 28, 30 என்று ஏற்றிப் பார்த்ததில், டிரில் பழைய துளையின் பக்கமே ஓடிவிட்டது. மற்ற நாலையும் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. நாலும் தப்பும். கெட்டுப்போன ஐந்தாவதையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டிரில் ஏன் ஓடியது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். டிரிலுக்கு இரண்டு வெட்டு முனை. ஏற்கெனவே இருக்கிற துளைக்குள் போகும்போது ஒரு பக்கம் உலோகம் அதிகம், மறுபக்கம் குறைவு. அதிகம் உள்ள பக்கம் டிரிலைத் தள்ளும், அது குறைவான பக்கம் சாயும். பழைய துளை எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போகும். மூன்று நாலு பள்ளம் உள்ள கோர் டிரில் கொஞ்சம் நிதானமாகப் போகும், ஆனால் அதுவும் துளையைத்தான் பின்தொடரும். ரீமரிடம் எதிர்பார்க்கவே கூடாது. ரீமர் அளவையும் பளபளப்பையும் தரும், இடத்தை மாற்றாது. விலகிய துளையை ரீமர் போட்டால் அழகான விலகிய துளைதான் கிடைக்கும்.

இடத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒற்றை முனை போரிங் டூல்தான். அதன் பாதையை, ஜாபைச் சுழற்றும் லேத் ஸ்பிண்டிலும் டூலைச் சுமந்து நகரும் கேரேஜும் தீர்மானிக்கின்றன. பழைய துளை எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின் சிலிண்டர் செய்தவர்கள் முட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். அன்றைய போரிங் மெஷினில் கட்டர் தலை, வார்த்த துளையின் உள்பரப்பிலேயே தாங்கி ஓடியது. அதனால் வார்ப்பில் இருந்த கோணல் அப்படியே மிஞ்சியது. ஜான் வில்கின்சன் 1775 வாக்கில் போரிங் பாரை சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து, இரண்டு முனையிலும் வெளியே தாங்கு கொடுத்தார். அதோடு துளையின் கோணலிலிருந்து கட்டருக்கு விடுதலை. 1776-ல் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் எழுதியபடி, 50 அங்குல சிலிண்டர் ஒன்றில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுக்குக்கூடப் பிசகில்லை. ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின் பெரிய அளவில் ஓட முடிந்ததற்கு இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

சரி, புல்லிக்கு வருவோம். டூலைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: துளை எதற்கு நடுவில் இல்லை? ஹப்புக்கா, வெளி வளையமான ரிம்முக்கா? இதைப் பார்க்காமல் சக்கில் மாட்டுபவர்கள்தான் அதிகம். புல்லியில் ரிம்மின் வெளிப்பக்கம் எப்படியும் கடையப்படும், பள்ளங்களும் அங்கேதான் வெட்டப்படும். ரிம்மின் உள்பக்கமும், ஹப்பையும் ரிம்மையும் இணைக்கும் வெப்பும் கடைசிவரை பச்சையாகவே, அதாவது வார்த்தபடியே, இருக்கும். ஆக, சென்டர் பார்க்க வேண்டியது கடையாமல் விடப்போகும் பரப்பை வைத்து, அதாவது ரிம்மின் உள்பக்கத்தை வைத்து. அப்படிச் செய்தால் கடைந்து முடித்த பிறகு ரிம்மின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக வரும், புல்லியும் ஆட்டமில்லாமல் ஓடும். வெளிப்பக்கத்தை வைத்து சென்டர் பார்த்தால், அந்த வேலையை அடுத்த அரை மணியில் டூலே அழித்துவிடும்.

அடுத்து, ஹப் ரிம்மோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கோர் மட்டும் நகர்ந்திருந்தால் ஹப் ரிம்முக்கு நடுவில்தான் இருக்கும், பிரச்சினை எளிது. மணல் அச்சின் மேல் பெட்டியே நகர்ந்திருந்தால் ஹப்பின் மேல் பாதியும் சேர்ந்து நகர்ந்திருக்கும். இரண்டு பெட்டியும் சேர்ந்த பிரிவுக் கோட்டில் விரலை ஓட்டினால் படி தட்டும்.

இப்போது கணக்கு. பேப்பரில் போட்டுவிடுங்கள். கோர் துளையின் ஆரம் 12. விலகல் 3. கூட்டினால் 15. வேண்டிய துளையின் ஆரம் 16. பதினைந்து பதினாறுக்குள் அடங்குகிறது, ஆகவே துளை முழுக்கச் சுத்தமாக வரும். மெலிந்த பக்கம் 1 மி.மீ. கிடைக்கும். எதிர்ப்பக்கம் 12-ல் 3 கழித்தால் 9, அதாவது 7 மி.மீ. வெட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஏழு. முடிவுத் துளை 28 ஆக இருந்திருந்தால் ஆரம் 14. பதினைந்து அதற்குள் அடங்காது, ஒரு பக்கம் பிறைபோலப் பச்சைத் தோல் மிஞ்சியிருக்கும். உங்களுக்கு 1 மி.மீ. இருக்கிறது, ஆனால் அது தாராளமில்லை. மணல் ஒட்டிய தோலுக்கே அதில் பாதி போய்விடும். அதனால் செட்டிங்கில் அரை மி.மீ.க்கு மேல் விட்டுக்கொடுக்க முடியாது.

இந்த 3 மி.மீ.யை ஹப்பின் இரண்டு முகத்திலும் அளந்தீர்களா? ஒரு முகத்தில் 3, மறு முகத்தில் 1 என்றால் கோர் நகரவில்லை, சாய்ந்திருக்கிறது. கணக்குக்கு எப்போதும் மோசமான முகத்தையே எடுங்கள்.

கணக்கைக் காஸ்டிங்கின் மேலேயே வரைந்து பார்ப்பது இன்னும் நல்லது. பழைய பிட்டர்கள் செய்வது இப்படி: துளைக்குள் ஒரு மரக்கட்டையை இறுக்கமாக அடித்து, அதன் முகத்தில் சின்னத் தகரத் துண்டு ஒன்றை ஆணியால் பதித்துவிடுவார்கள். ஹப் முகத்தில் சாக்பீஸோ சுண்ணாம்போ தடவி, ஜென்னி காலிப்பரை (ஒரு கால் வளைந்து, மறு கால் கூராக இருக்கும் காலிப்பர்) ஹப்பின் வெளி விளிம்பில் வைத்து நாலு திசையிலிருந்து தகரத்தின் மேல் வில் போடுவார்கள். நாலு வில்லும் சேரும் சின்னக் கட்டத்தின் நடுதான் உண்மையான சென்டர். அங்கே பஞ்ச் அடித்து, டிவைடரை 16-க்குத் திறந்து வட்டம் போட்டு, வட்டத்தின் மேல் நாலு இடத்தில் லேசாகப் பஞ்ச் குத்துவார்கள். அந்த வட்டம் பழைய துளையை முழுக்க உள்ளே வைத்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். வேலை முடியும்போது பஞ்ச் புள்ளிகள் நாலும் பாதி பாதியாக நின்றால் துளை சரியான இடத்தில் வந்திருக்கிறது என்று பொருள். இதற்குப் பத்து நிமிடம் போகும். ஐந்து காஸ்டிங்கில் ஒன்று ஏற்கெனவே போன நிலையில், நான் இதைத் தவிர்க்கமாட்டேன்.

பிடிப்பது, நாலு ஜாவையும் தனித்தனியாக நகர்த்தக்கூடிய ஃபோர்-ஜா சக்கில். த்ரீ-ஜா சக் தான் பிடித்த இடத்தைத்தான் நடுவாக்கும். பச்சைக் காஸ்டிங்கில் அந்த இடம் கட்டியும் குழியுமாக இருக்கும், நம்மால் திருத்தவும் முடியாது. ஃபோர்-ஜாவில் ஜாக்களை ரிம்முக்குள் நுழைத்து வெளிப்பக்கமாக விரித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு ஜாவுக்கும் ரிம்முக்கும் நடுவே மெல்லிய செம்புத் தகடு. வார்ப்பு மாதிரியான பேட்டர்னை மணலிலிருந்து கழற்றுவதற்காகக் கொடுத்த சரிவு ரிம்மின் உள்பக்கம் இருக்கும். தகடு இல்லையென்றால் ஜா ஒரு கோட்டில் மட்டும் கடித்து நழுவும். இன்னொன்று, காஸ்ட் அயர்ன் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எஃப்.ஜி. 200 தர இரும்பின் இழுவலிமை 200 மெகா பாஸ்கல்தான். அமுக்கத்தில் அதன் மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். வெளிப்பக்கமாக விரிக்கும்போது நீங்கள் ரிம்மை இழுக்கிறீர்கள். சக் சாவியில் குழாய் மாட்டி முறுக்கினால் ரிம் விரியோடிவிடும். கை பலம் போதும்.

ஹப்பின் பின் முகம் சக்கின் முகத்திலிருந்து ஏழெட்டு மி.மீ. தள்ளி நிற்கட்டும். இல்லையென்றால் டூல் மறுபக்கம் வெளியே வரும்போது சக்கையே வெட்டும்.

இரண்டு விஷயத்தைச் சரி செய்ய வேண்டும்: சென்டர், தலையாட்டம் (சுற்றும்போது முகம் முன்னும் பின்னும் ஆடுவது). முதலில் தலையாட்டம். சர்ஃபேஸ் கேஜ் முள்ளை ரிம்மின் ஓர முகத்துக்குக் கிட்டே வைத்து சக்கைக் கையால் சுற்றுங்கள். முள்ளுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் பித்தளைச் சுத்தியலால் தட்டிச் சரி செய்யுங்கள். பிறகு முள்ளை ரிம்மின் உள்பரப்புக்கு மாற்றிச் சென்டர் பாருங்கள். பச்சைப் பரப்பில் டயல் கேஜ் வைப்பது வீண். மணல் பொத்தல் ஒவ்வொன்றுக்கும் முள் குதிக்கும், எந்தக் கணக்கை நம்புவது என்று தெரியாது. ஜாக்களுக்கு நேராக நாலு இடம் போதும். எதிரெதிர் ஜாக்களில் இடைவெளி 2 மி.மீ. வித்தியாசம் காட்டினால் நகர்த்த வேண்டியது அதில் பாதி, 1 மி.மீ. ஒரு ஜாவைத் தளர்த்தி எதிர் ஜாவை இறுக்குங்கள். நாலையும் ஒன்றாகத் தொடாதீர்கள். ஒரு ஜோடி முடிந்த பிறகே அடுத்தது. கடைசியில் மறுபடி தலையாட்டம் பாருங்கள், ஏனென்றால் ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று கெடும்.

இப்போது டெயில்ஸ்டாக்கில் ஒரு கூரான சென்டரை மாட்டி, மரக்கட்டையில் பஞ்ச் அடித்த புள்ளிக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். ரிம்மை வைத்துப் பார்த்த சென்டரும் ஹப்பை வைத்துக் குறித்த சென்டரும் ஒன்றாக நின்றால் நல்ல காஸ்டிங். ஒரு மி.மீ. வேறுபட்டால் வித்தியாசத்தைப் பங்கிட வேண்டும். ரிம்மில் கடைவதற்குச் சதை இருந்தால் அங்கே அரை மி.மீ. தள்ளுங்கள், மீதி அரையை ஹப்பில் விடுங்கள். ஹப் சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனாக வந்தால் பரவாயில்லை. சாவி உட்காரும் பள்ளமான கீவேயை அந்தத் தடித்த பக்கத்தில் வெட்டச் சொல்லிக் குறித்துவிடுங்கள். குறிக்காமல் ஸ்லாட்டிங்குக்கு அனுப்பினால் மெலிந்த பக்கத்தில் வெட்டிக்கொண்டு வருவார்கள், புல்லி அங்கேதான் உடையும்.

கட்டையை எடுத்துவிட்டு, ஹப் முகத்தை ஃபேஸிங் செய்து, போரிங்குக்கு வருவோம்.

24 மி.மீ. துளைக்குள் 16 மி.மீ. பார்தான் வசதியாகப் போகும். ஹப் 60 நீளம், டூல் வெளியேற இடம் சேர்த்து பார் 70 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். விட்டத்தைப் போல நாலு மடங்குக்குச் சற்று மேல். ஸ்டீல் பாருக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் போனால் கத்தும். பார் வளைவது நீளத்தின் மும்மடிக்கும் விட்டத்தின் நான்மடிக்கும் கட்டுப்பட்டது. அதனால் துளை 28-ஐத் தாண்டியவுடன் 20 மி.மீ. பாருக்கு மாறுங்கள், அதே நீளத்துக்கு விறைப்பு 2.4 மடங்கு ஆகிவிடும். 16-லேயே முடித்துவிடலாம் என்று இருப்பவர்களுக்குத்தான் துளை கடைசிவரை முட்டை வடிவமாக வருகிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போரிங் டூல் துளையைப் பின்தொடராது என்றேன். அது பார் வளையாதபோது முழு உண்மை. உங்கள் ஜாபில் ஒரு சுற்றுக்குள்ளேயே வெட்டு ஆழம் பூஜ்யத்திலிருந்து நீங்கள் கொடுத்த முழு ஆழம் வரை மாறுகிறது. ஆழமான பக்கம் பார் அதிகம் வளையும், ஆழமற்ற பக்கம் நிமிரும். ஆகவே முதல் கட்டுக்கு (டூலை ஒரு தடவை வெட்டி ஓட்டுவது ஒரு கட்டு) பிறகும் பழைய விலகலின் ஒரு சிறு பங்கு துளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த கட்டில் அந்தப் பங்கிலும் ஒரு சிறு பங்கு. ஒவ்வொரு கட்டுக்கும் சுருங்கிக்கொண்டே போகும், ஒரே கட்டில் மறையாது. ஏழு மி.மீ.யை இரண்டே கட்டில் எடுத்து முடிப்பவர் விலகலில் கொஞ்சத்தைத் துளையிலேயே விட்டுவிடுகிறார்.

டூலை எங்கே வைப்பது? ஸ்பிண்டில் நடுவிலிருந்து துளையின் சுவர் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 15. டூல் முனையை 10.5-ல் வைத்தால் கிட்டத்தில் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டும், மற்ற இடத்தில் காற்றில் சுற்றும். டக், டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த ஒவ்வொரு தட்டிலும் முனை மணல் தோலுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் இதைத் தாங்காது, முதல் நீளத்திலேயே மழுங்கிவிடும். காஸ்ட் அயர்னுக்கான கே20 அல்லது கே30 தரக் கார்பைட், பிரேஸ் செய்த டூலாக இருந்தாலும் போதும். மூக்கு ஆரம் 0.4 போல சின்னதாக இருக்கட்டும். பெரிய மூக்கு பாரைப் பக்கவாட்டில் தள்ளும். டூலின் அடிக்கிளியரன்ஸைப் பாருங்கள், சின்னத் துளையில் குதிகால் உரசினால் வெட்டவே வெட்டாது. முனை உயரம் சென்டருக்கு மயிரிழை மேலே இருக்கட்டும். வெட்டும் விசையில் பார் கீழே தாழ்ந்து சென்டருக்கு வரும்.

வேகம் 280 ஆர்.பி.எம். வாக்கில். 28 விட்டத்தில் அது நிமிடத்துக்கு 25 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கார்பைடுக்கு இது மெதுவான வேகம்தான், ஆனால் பேலன்ஸ் இல்லாத பத்து அங்குலக் காஸ்டிங்கும் விட்டுவிட்டு வெட்டும் கட்டும் சேர்ந்தால் இதற்கு மேல் போகக்கூடாது. ஃபீட் சுற்றுக்கு 0.2. ஒவ்வொரு கட்டுக்கும் ஆரத்தில் ஒரு மி.மீ. முதல் ஒன்றரை மி.மீ. தோலுக்குள்ளேயே முனையை உரசவிடாதீர்கள். வெட்டுகிற பக்கம் தோலுக்கு அடியில் நல்ல இரும்பில் நிற்கும் அளவுக்கு ஆழம் கொடுங்கள்.

துளை 30.5 தாண்டும்போது சத்தம் மாறும். டக் டக் நின்று ஒரே சீரான ஓசை வரும். அதுவே முழுச் சுற்றும் வெட்டுகிறது என்பதற்கு அடையாளம். அங்கே நிறுத்தி, லீவர் டயலைத் துளைக்குள் விட்டு, கையால் சக்கைச் சுற்றிப் பாருங்கள். 0.05-க்கு மேல் ஆட்டம் இருந்தால் இன்னும் பழைய விலகலின் மிச்சம். வேகத்தை 450-க்கு ஏற்றி, ஆரத்தில் 0.25 வீதம் இரண்டு கட்டு. பிறகு ஃபீட் 0.08-க்கு இறக்கி, ஆரத்தில் 0.1 வீதம் அளவு பார்த்துப் பார்த்து முடியுங்கள். கடைசிக் கட்டுக்கு முன் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் ஒருமுறை அதே இடத்தில் ஓட்டினால், பாரில் தங்கிய வளைவு கொஞ்சம் எடுக்கும். முடிவில் ஹெச்7 அளவுத் தரம் வேண்டுமென்றால் 32.000-லிருந்து 32.025-க்குள். ரீமர் போடுவதானால் விட்டத்தில் 0.2 முதல் 0.3 விட்டு வையுங்கள். இப்போது துளை நேராக இருப்பதால் ரீமர் நேராகப் போகும். போர் கேஜை இரண்டு முனையிலும் நடுவிலும் வைத்து அளவு பாருங்கள். முன் முனை மட்டும் பெரிதாக இருந்தால் டூல் முனை தேய்கிறது அல்லது ஹெட்ஸ்டாக் நேரில்லை.

வெட்டும்போது கூலன்ட் வேண்டாம். காஸ்ட் அயர்னில் உள்ள கிராஃபைட்டே வழவழப்புக்குப் போதும். தண்ணீர் ஊற்றினால் பொடி சேறாகி பெட்டில் அப்பிக்கொண்டு அதை அரிக்கும். பெட்டின் மேல் பழைய துணியோ தகடோ போட்டு மூடுங்கள். மாஸ்க் போடுங்கள். ஓடும் துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

டூல் திடீரென்று கிறீச்சிட்டு, வெட்டாமல் பளபளவென்று தேய்த்தால் அந்த இடம் சில் ஆகியிருக்கிறது. சீக்கிரம் ஆறிய மெலிந்த இடங்களில் இரும்பு வெள்ளை இரும்பாகிவிடும். வேகத்தைக் குறைத்து, ஆழத்தைக் கூட்டி அடியில் போகப் பாருங்கள். மசியாவிட்டால் காஸ்டிங்கை, சூடாக்கி மெதுவாக ஆறவிடும் அனீலிங்குக்கு அனுப்புங்கள், டூல்களை வரிசையாகப் பலிகொடுக்காதீர்கள்.

துளை முடிந்ததும் ஜாபைக் கழற்றாதீர்கள். அதே செட்டிங்கில் ரிம்மின் வெளிப்பக்கத்தையும் பள்ளங்களையும் கடைந்துவிடுங்கள். துளையும் பள்ளமும் ஒரே பிடிப்பில் பிறந்தால் அவை ஒன்றுக்கொன்று ஆடவே முடியாது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், பிறகு துளைக்குள் நுழையும் தண்டான மாண்ட்ரலில் ஏற்றி, துளையை ஆதாரமாக வைத்து மட்டுமே கடையுங்கள். வி-பெல்ட் புல்லியில் சுழலும்போது ஆட்டம் வந்தால் பெல்ட்டும் பேரிங்கும் வாங்கிக்கொள்ளும்.

ஐந்தாவது புல்லிக்கு வருகிறேன். 30 டிரில் பழைய துளையின் பக்கமே போயிருந்தால் அதன் தூர விளிம்பு நடுவிலிருந்து 15 கூட்டல் 3, பதினெட்டில் இருக்கும். 32-க்கு வாய்ப்பில்லை. அதே முறையில் ஃபோர்-ஜாவில் சென்டர் பார்த்து 44 மி.மீ.க்கு போரிங் செய்யுங்கள். ஹப் சுவர் 13 மி.மீ. மிஞ்சும், அது போதும். காஸ்ட் அயர்னிலேயே ஒரு புஷ் கடைந்து, துளையைவிட 0.03 மி.மீ. பெரிதாக வைத்து அழுத்தி ஏற்றுங்கள். உள்துளையைக் கொஞ்சம் சின்னதாக விட்டு, ஏற்றிய பிறகு 32-க்கு போரிங் செய்யுங்கள். அழுத்தும்போது புஷ் சுருங்கும் என்பதால் முன்னாடியே முடித்து வைத்தால் அளவு போய்விடும். புஷ் சுழலாமல் இருக்க, ஹப் முகத்தில் பாதி புஷ்ஷிலும் பாதி ஹப்பிலும் நிற்கும்படி ஒரு டவல் பின் (பூட்டு முளை) அடியுங்கள். புஷ்ஷை ஸ்டீலில் செய்யாதீர்கள். அந்த டவலுக்குத் துளை போடும்போது டிரில் கடினமான ஸ்டீலிலிருந்து தள்ளப்பட்டு இரும்பின் பக்கம் ஓடும். 32 தண்டுக்கு ஹப் கீவே ஆழம் 3.3 மி.மீ.; புஷ் சுவர் 6 என்பதால் கீவேக்கு அடியில் 2.7 நிற்கும். கனமான மோட்டார், அடிக்கடி ஸ்டார்ட் ஆகும் வேலை என்றால் இந்தப் புல்லியை அங்கே போடாமல் லேசான வேலைக்கு ஒதுக்குங்கள்.

ஃபவுண்டரிக்காரரிடம் வெறுமனே "துளை விலகியிருக்கிறது" என்று சொல்லாதீர்கள். நாலு காஸ்டிங்கையும் வரிசையாக வைத்து, விலகல் எந்தத் திசையில், எந்த முகத்தில் எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதிக் காட்டுங்கள். எல்லாம் ஒரே திசையில் விலகியிருந்து பிரிவுக் கோட்டிலும் படி இருந்தால் பெட்டிகளை நேராகச் சேர்க்கும் பின் (முளை) தேய்ந்திருக்கும். படி இல்லாமல் ஒரே திசை என்றால் பேட்டர்னில் கோர் பிரிண்டே (கோர் உட்காரும் இடத்தை உருவாக்கும் பகுதி) இடம் மாறியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு திசை என்றால் பிரிண்டில் கோர் லூஸாக நிற்கிறது, அல்லது மேல் பிரிண்ட் இல்லாமல் கீழே மட்டும் நின்று உலோகம் ஊற்றும்போது சாய்கிறது. அடுத்த லாட்டுக்கு முன் அவர் திருத்த வேண்டியது பின்னையா, பேட்டர்னையா, பிரிண்டையா என்பது அப்போது அவருக்கே தெரிந்துவிடும்.